ஏசி காப்பர் பைப் வேலை: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பிளிட் ஏசியில் கம்பெனி செய்யாத பாகம் ஒன்று உண்டு. உள்ளே மாட்டும் பெட்டியும் வெளியே வைக்கும் பெட்டியும் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் வருகின்றன. இரண்டையும் சேர்க்கும் காப்பர் பைப் மட்டும் உங்கள் வீட்டில், ஏணி மேல் நிற்கும் ஒருவர் கையில்தான் உருவாகிறது. கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் நான் போய்ப் பார்த்த ‘கேஸ் போயிடுச்சு’ புகார்களில் பெரும்பாலானவை இந்தக் குழாயில்தான் போய் முடிந்தன. அதிலும் அதன் நான்கு முனைகளில்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ‘வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிக்கணும்’ என்று யாராவது சொன்னால், எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அவர் தேடவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிப்பது என்று தெரிந்தால் போதும். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் வரிசையாகவே செய்து பார்க்கலாம்.

இரண்டு குழாய்

ஒன்று சின்னது, ஒன்று பெரியது. வீட்டு ஏசிகளில் சின்னது பெரும்பாலும் கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ. பெரியது ஒரு டன்னுக்கு 3/8 இன்ச் (9.52 மி.மீ.), ஒன்றரை டன்னில் 3/8 அல்லது அரை இன்ச் (12.7 மி.மீ.), இரண்டு டன்னில் 5/8 (15.88 மி.மீ.) வரை போகும். அவுட்டோர் வால்வில் என்ன அளவு இருக்கிறதோ அதே அளவுதான். கையில் இருக்கிற பைப்பை வைத்து ‘அட்ஜஸ்ட்’ செய்வது கிடையாது.

சின்னக் குழாயில் திரவம் போகிறது, பெரிய குழாயில் வாயு திரும்புகிறது. திரவக் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஐடிஐ-யில் படித்திருப்பீர்கள். ஆனால் வீட்டு ஸ்பிளிட்டில் அழுத்தத்தைக் குறைக்கும் கேப்பிலரியோ எக்ஸ்பான்ஷன் வால்வோ பெரும்பாலும் அவுட்டோருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் சின்னக் குழாயும் சில்லென்றுதான் வரும், அதற்கும் வியர்க்கும். இதை மனதில் வையுங்கள், பின்னால் ஓர் ஆச்சி கதையில் தேவைப்படும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போடும் ஹாட் அண்ட் கோல்ட் ஏசியில் குளிர்காலத்தில் ஓட்டம் திரும்பிவிடும். பெரிய குழாயில் சுடச்சுட வாயு வரும். குழாய் வேலை அதேதான், இன்சுலேஷன் மட்டும் சூடு தாங்குவதாக இருக்க வேண்டும். நம் ஊருக்கு அந்தக் கவலை இல்லை.

இடம் பார்ப்பது

மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்ற கேள்வி நமக்குப் புதிதில்லை. குழாயும் வாய்க்கால்தான். நீளம் கூடக்கூட, வளைவு கூடக்கூட அழுத்தம் வழியிலேயே கரையும், கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கும், கரண்ட் பில் ஏறும். அதற்காக இரண்டு பெட்டியையும் முதுகோடு முதுகாக வைத்து முக்கால் மீட்டர் குழாயில் முடிப்பதும் தப்பு. பல கம்பெனிகள் குறைந்தது 3 மீட்டர் கேட்கின்றன. குறைத்தால் அவுட்டோரின் சத்தமும் அதிர்வும் குழாய் வழியாகப் படுக்கையறைக்கு வந்துவிடும். மிஞ்சும் குழாயை அவுட்டோருக்குப் பின்னால் படுக்கை வாட்டில் ஒரு சுற்று சுற்றி வைத்தால் போதும். அதிகபட்ச நீளமும் உயரமும் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும்.

அவுட்டோர் மொட்டை மாடியில், இண்டோர் கீழே என்றால் எண்ணெயையும் யோசிக்க வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெயில் கொஞ்சம் கேஸோடு சேர்ந்து எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அது மேலே ஏறித் திரும்ப வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் பெரிய குழாயைச் சின்னதாக ‘ப’ வடிவில் வளைத்து விடுவது பழைய வழக்கம். அங்கே தேங்கும் எண்ணெயை வாயு அடித்து மேலே தள்ளிவிடும். இன்வெர்ட்டர் மாடல்கள் சிலவற்றில் இது வேண்டாம் என்றே எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் அதன்படி போங்கள்.

நம் மண்ணுக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பூம்புகார் பக்கத்து உப்புக் காற்று. கடலைப் பார்த்த சுவரில் அவுட்டோரை வைக்காமல் வீட்டின் மறைவுப் பக்கம் வையுங்கள். இன்னொன்று மாட்டுக்கொட்டகை. சிரிக்காதீர்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா செம்பையும் பித்தளையையும் தின்னும். குழாய் முனையைப் பெட்டியோடு இணைக்கும் ஃபிளேர் நட்டு பித்தளை. இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை ஈரமான அமோனியா தொட்டால் அது கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் பட்டாளத்துத் துப்பாக்கி ரவைகளின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டனவாம். குதிரை லாயத்தில் அடுக்கி வைத்திருந்ததுதான் காரணம் என்று தெரியவர 1921 வரை ஆயிற்று. கொல்லைப்புறக் கொட்டகைக்கு மேலே அவுட்டோர் மாட்டியிருந்த ஒரு வீட்டில் நட்டை நானே மாற்றியிருக்கிறேன், விரிசல் நகக்கண்ணால் தடவினால் தெரிந்தது.

ஸ்டாண்டுக்கு எக்ஸ்பான்ஷன் போல்ட்டு நான்கு, சுண்ணாம்புச் சாந்துச் சுவராக இருந்தால் ஊடுருவும் நீளப் போல்ட்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வந்துபோன பிறகு, ஸ்டாண்டு பெயர்ந்து காப்பர் பைப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்த அவுட்டோர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பைப் வாங்குவது

ஆர்-22 கேஸ் காலத்துப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இன்று வரும் ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. 40 டிகிரி வெயிலில் மெஷின் ஓடாமல் சும்மா கிடந்தாலே, ஆர்-22 இருந்த குழாயில் ஏறத்தாழ 210 பிஎஸ்ஐ அழுத்தம் இருக்கும், ஆர்-32 இருந்தால் 345 பிஎஸ்ஐ. கார் டயரில் 30 சொச்சம்தான். ஓடும்போது அவுட்டோர் காயிலில் இன்னும் கூடும். மெல்லிசான பைப்புக்கு இங்கே வேலை இல்லை.

அரை இன்ச் வரை சுவர்த்தடிமன் 0.8 மி.மீ., 5/8-க்கு 1 மி.மீ. என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். அரை இன்ச், 0.8 மி.மீ. பைப் மீட்டருக்கு சுமார் 268 கிராம் நிற்கும். மூன்று மீட்டர் சுருளைத் தூக்கி வைத்தால் 800 கிராம் வர வேண்டும். 700 வந்தால் அது 0.7 மி.மீ. ரொம்பவும் குறைந்தால் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியமாக இருக்கலாம். முனையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் மூடி இருக்கிற சுருளாக வாங்குங்கள். பாதி வெட்டி, வாய் திறந்து, கடை மூலையில் கிடந்த துண்டு வேண்டாம். அதற்குள் ஈரமும் தூசியும் இருக்கும், சில சமயம் குளவிக்கூடே இருக்கும்.

துளையும் வளைவும்

கோர் கட்டரில் இரண்டரை இன்ச் துளை, வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்வாக. வடிநீரும் மழையும் உள்ளே வராமல் இருக்க இதுதான் காப்பு. பழைய அக்ரஹாரத்து வீடுகளில் சுவர் ஒன்றரை அடி தடிமன் இருக்கும், சுத்தியலால் அடித்துத் திறந்தால் உள்பக்கம் முறத்தளவு சாந்து பெயரும். துளைக்குள் பிவிசி குழாய் ஒன்றைச் சொருகிவிட்டு அதன் வழியாகப் பைப்பை விடுங்கள். முனையை டேப் ஒட்டி மூடிய பிறகுதான் சுவருக்குள் நுழைக்க வேண்டும். செங்கல் தூள் உள்ளே போனால் வெளியே எடுக்க வழியில்லை.

வளைப்பதைப் பற்றி நம் ஊர்ப் பாத்திரக்காரர்களுக்குத் தெரிந்தது பல ஏசி மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. செம்பைத் தட்டத் தட்ட அது இறுகும். அதனால்தான் பட்டறையில் நடுநடுவே அனலில் காட்டி இளக்குகிறார்கள். காப்பர் பைப்பையும் ஒரே இடத்தில் வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் இறுகிப்போய் விரிசல் விடும். ஒரு தடவை வளைத்தது வளைத்ததுதான். கட்டைவிரலால் மெதுவாக, பெரிய வட்டமாக. நெருக்கமான இடத்தில் பெண்டர். சப்பிப்போனால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

நடுவில் ஜாயின்ட் போடாமல் ஒரே பைப்பாக ஓட்டுவதே என் கட்சி. தவிர்க்க முடியாமல் கேஸ் வெல்டிங் வைத்தால், வைக்கும்போது பைப்புக்குள் நைட்ரஜனை மெல்லிய மூச்சாக ஓட விடுங்கள். இல்லையென்றால் உள்சுவரில் கரி மாதிரிக் கருப்புச் செதில் படியும். அது உதிர்ந்து கேப்பிலரியை அடைக்கும்போது, வெல்டிங் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. கேஸ் நிரம்பிய குழாயில் ஒருநாளும் நெருப்பு வைக்காதீர்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும், தீயில் விஷப்புகையும் விடும்.

ஃபிளேர்

பைப்பின் வாயைக் கூம்பாக விரித்து, நட்டால் இறுக்க வசதி செய்வதுதான் ஃபிளேர். மொத்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. அவசரக்காரர்கள் இதை இரண்டு நிமிடத்தில் முடிப்பார்கள். நான் ஒரு முனைக்குப் பத்து நிமிடம் எடுப்பேன், வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

டியூப் கட்டரைப் பைப்பில் மாட்டி, ஒரு சுற்றுக்குக் கால் திருகு என்று இறுக்குங்கள். ஹேக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம், தூள் உள்ளே போகும், வாயும் கோணும். வெட்டியதும் உள்விளிம்பில் கூரான உதடு ஒன்று நிற்கும். பைப் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு ரீமரால் அதைச் சீவுங்கள், சீவல் தரையில் விழட்டும். விரலை உள்ளே விட்டுச் சுற்றினால் வழுக்க வேண்டும்.

அடுத்து நட்டு. ஃபிளேர் விரித்து முடித்து, அழகு பார்த்துவிட்டு, ‘ஐயோ நட்டு போடலையே’ என்று தலையில் கை வைக்காத மெக்கானிக் யாரும் இல்லை. முதலில் நட்டைக் கோத்துவிடுங்கள்.

பைப்பைக் கவ்வும் அச்சான டையில் பிடிக்கும்போது எவ்வளவு நீட்டுவது என்பதுதான் சூட்சுமம். கிளட்ச் வைத்த புது டூலில் டை மட்டத்திலிருந்து அரை மி.மீ.க்குள். பழைய டூலில் ஆர்-32-க்கு 1 முதல் 1.5 மி.மீ. வரை. கூம்பில் ஒரு சொட்டு ஏசி எண்ணெய் தொட்டு, நிதானமாகத் திருகி இறக்குங்கள். விரித்த வாயின் வெளிவிட்டம் கால் இன்ச்சுக்கு 9 மி.மீ. அளவிலும், 3/8-க்கு 13 அளவிலும், அரை இன்ச்சுக்கு 16.4 அளவிலும் நிற்க வேண்டும். இப்போது வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகம் கண்ணாடி போல மின்ன வேண்டும். ஒரு கீறல், ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், விளிம்பில் மயிரிழை வெடிப்பு, இதில் எது இருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி. ஒரு இன்ச் செம்பு போனால் போகிறது.

சேர்க்கும்போது இரண்டு முகமும் நேருக்கு நேர் உட்கார்ந்து, நட்டு மூன்று நான்கு சுற்று கையாலேயே ஓட வேண்டும். கையால் ஓடாததை ஸ்பேனரால் ஓட்டாதீர்கள், மறை பிய்ந்துவிடும். கடைசி இறுக்கம் இரண்டு ஸ்பேனரில், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. டார்க் ரெஞ்ச் கணக்கு: கால் இன்ச் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 இன்ச் 33 முதல் 42, அரை இன்ச் 50 முதல் 62. ‘கை கணக்கு போதும்’ என்பவர்கள் பெரும்பாலும் கால் இன்ச்சை மிதமிஞ்சி இறுக்குவார்கள். செம்பு நசுங்கி மெலிந்து, அடுத்த கோடையில் ஒழுகும். நட்டுக்குள் டெஃப்ளான் டேப் சுற்றுவது, தேங்காய் எண்ணெய் தடவுவது எல்லாம் நான் பார்த்த கூத்துகள். இங்கே கேஸை நிறுத்துவது மறை இல்லை, செம்பும் பித்தளையும் முகத்தோடு முகம் அழுந்துவதுதான்.

இன்சுலேஷன்

திருவையாறு பக்கம் ஒரு வீட்டில், ஏசி போட்ட மூன்றாம் நாள் ஆச்சி போன் செய்தார். “தம்பி, ஏசி போட்டா அறை குளிரும்னாங்க, செவுரு அழுவுதே, வந்து பாருய்யா.” போய்ப் பார்த்தால், இண்டோருக்குக் கீழே சுண்ணாம்புச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது. தப்பு என்னுடையதுதான். பைப்பை மறைத்துக் கட்டும் அவசரத்தில் இரண்டு குழாயையும் ஒரே ஸ்லீவில், அதாவது நுரை உறையில் போட்டு, டேப்பை முறுக்கி இறுக்கியிருந்தேன். சின்னக் குழாய்தானே என்று நினைத்தது, இறுக்கத்தில் நுரை நசுங்கியது, இரண்டும் சேர்ந்து ஆச்சி வீட்டுச் சுவரை நனைத்துவிட்டன.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஆற்றங்கரை, நடவு முடிந்த வயல், ஐப்பசி கார்த்திகை மழை. சில்லென்ற செம்பு ஒரு இன்ச் வெளியே தெரிந்தாலும் அங்கே சொட்டும். ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி நைட்ரைல் ஸ்லீவ், வீட்டுக்கு 13 மி.மீ. தடிமன், சுவருக்குள் நீளமாக ஓடினால் 19 மி.மீ. ஸ்லீவைக் கீறி ஒட்டாமல், ஃபிளேர் செய்வதற்கு முன்பே முழுசாகக் கோத்துவிடுங்கள். சந்துகளில் பசை. டேப் சுற்றுவது பிடிக்கத்தான், நெரிக்க இல்லை. நட்டுப் பகுதியை மட்டும் சோதனை முடியும் வரை திறந்து வையுங்கள். கட்டும்போது வடிநீர் போகும் டிரெய்ன் பைப் எப்போதும் கீழே, நடுவில் மேடு பள்ளம் இல்லாமல்.

நைட்ரஜன் சோதனை

அவுட்டோர் வால்வு இரண்டும் மூடியே இருக்கட்டும். சர்வீஸ் போர்ட் வழியாக ரெகுலேட்டர் வைத்த நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். முதலில் 50, கொஞ்சம் நின்று 150, அப்புறம் மேலே. முன்னால் சொன்ன 345 நினைவிருக்கிறதா? வெறும் 150-இல் சோதித்து ‘லீக் இல்லை’ என்பதில் பொருளில்லை. நான் 400 பிஎஸ்ஐ வைப்பேன். ஆனால் மெஷின் பெயர்த்தகட்டில் அனுமதித்திருக்கும் அளவைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் போகாமல். ஆக்ஸிஜன் சிலிண்டரை மட்டும் இங்கே கொண்டுவரவே கூடாது. எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும், கம்ப்ரஸரோடு ஆளும் போவார்.

நான்கு நட்டிலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தடவுங்கள். பெரிய ஓட்டை உடனே குமிழ் விடும். சின்ன ஓட்டை அரை நிமிடம் யோசித்துவிட்டு, கடுகளவு வெள்ளை நுரையாக மெல்லப் பூக்கும். அதுவரை பொறுமையாக நில்லுங்கள்.

ஒரு மணி நேரமாவது அழுத்தத்தில் விடுங்கள், முடிந்தால் ஒரு ராத்திரி. காலையில் கேஜ் கொஞ்சம் இறங்கியிருந்தால் உடனே பதற வேண்டாம். சாயங்காலம் 35 டிகிரியில் 400 வைத்தது, விடிகாலை 25 டிகிரியில் 387 காட்டும். குளிர்ந்ததால் சுருங்கியது அது. டிகிரிக்கு 1.3 பிஎஸ்ஐ என்று கழித்துப் பாருங்கள், அதற்கு மேல் இறங்கியிருந்தால்தான் ஓட்டை.

வேக்கம்

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதுதான் வேக்கம். அதைச் செய்யாமல், அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்து, ‘புஸ்’ என்று காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் காற்று ஓரளவு போகும், ஈரம் போகாது. ஆர்-32 மெஷின்களில் இருக்கும் பிஓஇ எண்ணெய் ஈரத்தை உப்பு மாதிரி இழுக்கும். எண்ணெயும் நீரும் சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸர் வைண்டிங்கை அரிக்கும். மூன்று வருடம் கழித்துக் கம்ப்ரஸர் எரிந்தால் வோல்டேஜ் மீது பழி விழும்.

ஈரத்தை எடுக்க ஒரே வழி அதைக் கொதிக்க வைப்பது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நாம் அதைவிட வெகு ஆழமாக, 500 மைக்ரானுக்கு, அதாவது அரை மி.மீ.க்கு இறக்குகிறோம். சாதாரண கேஜில் முள் 30-ஐத் தொட்டதும் நின்றுவிடும், அதற்கப்புறம் நடப்பதை அது காட்டாது. மைக்ரான் கேஜ் வேண்டும். தொழிலில் இருப்பவர் வாங்கும் முதல் விலையுயர்ந்த கருவி இதுவாகவே இருக்கட்டும்.

500-க்கு வந்ததும் பம்பைத் துண்டித்து, பதினைந்து நிமிடம் பாருங்கள். எண் ஏறி ஓரிடத்தில், உதாரணமாக 1500-இல் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம், பம்பை மறுபடி ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை, நைட்ரஜனுக்குத் திரும்புங்கள். மழைநாளில் இதற்கு ஒரு மணி நேரம் கூட ஆகும்.

கேஸ் திறப்பது

எல்-கீயால் சின்ன வால்வை முதலில், அப்புறம் பெரியதை, முழுசாகத் திறங்கள். மூடிகளை மறக்காமல் இறுக்குங்கள், அவையும் கேஸைத் தடுப்பவைதான். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் கேஸ் எத்தனை மீட்டர் பைப்புக்குப் போதும், அதற்கு மேல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்று ஸ்டிக்கரில் இருக்கும். அதை எடை மெஷினில் வைத்துத்தான் சேர்க்க வேண்டும். முள்ளைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று அடிப்பது இன்வெர்ட்டர் மெஷினில் எடுபடாது, கம்ப்ரஸர் வேகம் மாற மாற முள்ளும் மாறும்.

கட்டி முடிப்பது

நட்டுகளின் மேல் இன்சுலேஷனை மூடி, வெயில் படும் இடம் முழுக்கப் பிவிசி கேசிங். வெறும் டேப் இரண்டு கோடையில் பொடியாகும். அப்புறம் எலி. அறுவடை முடிந்ததும் வயலை விட்டு வீட்டுக்கு வரும், நைட்ரைல் நுரையைக் கடித்துக் கூடு கட்டும். சுவர்த்துளையின் இருபுறமும் வெறும் புட்டி பூசினால் அதையும் தின்னும். கம்பி வலையைச் சுருட்டித் திணித்துவிட்டு மேலே சிமென்ட் பூசுங்கள். டிரெய்ன் பைப் வாயிலும் ஒரு துண்டு வலை, குளவிக்கு.

கிளம்பும் முன் அவுட்டோர் பக்கவாட்டு மூடியின் உள்புறத்தில் அழியாத மார்க்கரால் நான்கு வரி எழுதி வைப்பேன்: தேதி, பைப் நீளம், சேர்த்த கேஸ் எத்தனை கிராம், வேக்கம் எத்தனை மைக்ரானில் நின்றது. அடுத்து அந்த மூடியைத் திறக்கப்போவது நானாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம்.